பாலும் சோளமும்: ஒரு சூப்பின் சரித்திரம்

ஓர் உணவுத் தானியம் ஒரு தேசத்தை விட்டு இன்னொரு தேசத்துக்குக் குடிபெயரும்பொழுது அதன் விதை மாத்திரம் சென்றாற் போதாது. அதனைப் பக்குவஞ் செய்யும் முறையும் உடன் செல்லுதல் வேண்டும். விதை சென்று பக்குவம் செல்லாதுவிடின் என்ன நேரும் என்பதற்குச் சோளத்தின் சரித்திரம் தெளிவான சான்றாக விளங்குகின்றது. எண்ணற்ற ஏழை மக்களின் உயிரைக் குடித்த அந்தச் சரித்திரத்தை அறிந்துகொண்ட பின்னர், வீட்டிலே பாலூற்றிக் காய்ச்சுகின்ற ஒரு கிண்ணம் சோளச் சூப் நாவுக்கு இதமான பண்டமாக மாத்திரம் நமக்குத் தோன்றாது.

சோளம் நம் நாட்டவர்க்குப் புதியதன்று. அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை ஆகிய மாவட்டங்களிலே பெரும்போக மழையை நம்பி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விதைக்கப்படும் சோளம், தை மாதமளவிற் பொத்தி தள்ளி நிற்கும். தம்புள்ளை, ஹபரணை வீதிகளாற் பயணஞ் செய்தோர், ஓரத்திலே பெரும் பானைகளில் ஆவி பறக்க அவித்து விற்கப்படும் சோளப் பொத்தியை வாங்கிச் சுவைத்திருப்பர். எனினும் இங்கே விளையும் சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீனுக்கே செல்கின்றது. மனிதர்க்கு அது பிரயாணத்தின்போது கொறிக்கும் பண்டமே. வேளைச் சாப்பாட்டில் அதற்கு இன்னும் உரிய இடங் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விளக்கம் அவசியமாகின்றது. தமிழிலே சோளம் என்னும் பெயர் பழைய காலத்திலிருந்து இறுங்குக்கும் வழங்கி வந்தது. இக் கட்டுரையில் நாம் சோளமென்பது, தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என அழைக்கின்ற, மடல்களால் மூடிய பொத்தியிலே வரிசை வரிசையாக மணிகள் பதிந்திருக்கும் தானியத்தையேயாம்.

புல்லிலிருந்து பிறந்த பொத்தி

சோளத்தின் தாய்நாடு மெக்சிக்கோ. அந்நாட்டின் தென்மேற்கே பால்சாஸ் என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கிலே, ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், தியோசிந்தி எனப்படும் காட்டுப் புல்லொன்றை அங்கு வாழ்ந்த மக்கள் பயிரிடத் தொடங்கினர். அப்புல்லின் கதிரில் ஏறத்தாழப் பத்து மணிகளே இருக்கும். அவையும் கல்லைப் போன்ற கடினமான ஓட்டினுள் அடங்கியிருக்கும். அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல கதிர்களைத் தெரிந்தெடுத்து, அவற்றையே விதைத்து, நாளடைவில் நூற்றுக்கணக்கான மணிகள் கொண்ட பொத்தியை உருவாக்கினர். ஓவாஹாக்கா மாநிலத்துக் கிலா நக்கிட்ஸ் குகையிற் கண்டெடுக்கப்பட்ட, விரலளவேயான பொத்திகள் 6,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவையென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர்.

இவ்வாறு மனிதன் கையால் உருவான பயிர், மனிதன் கையின்றித் தன் இனத்தைப் பெருக்க இயலாததாயிற்று. பொத்தியை மூடியிருக்கும் மடலை உரித்து, மணியைப் பிரித்து விதைப்பார் இல்லையேற் சோளமும் இல்லை. சோளமின்றேல் தாங்களும் இல்லையென்றே அந்நாட்டு மக்கள் கருதினர். மாயா இனத்தவரின் புராண நூலான போப்பொல் வூ, தெய்வங்கள் முதலிற் களிமண்ணாலும் பின்னர் மரத்தாலும் மனிதரைப் படைக்க முயன்று தோல்வியுற்று, இறுதியிலே சோள மாவைப் பிசைந்து மனிதனைப் படைத்தன எனக் கூறுகின்றது.

சுண்ணாம்பு நீரின் இரகசியம்

மெக்சிக்கோப் பெண்கள் சோளத்தை வெறுந் தண்ணீரில் அவித்து மா அரைப்பதில்லை. உலர்ந்த மணிகளைச் சுண்ணாம்பு கரைத்த நீரிலிட்டுச் சிறிது நேரம் காய்ச்சி, இரவு முழுதும் அந்நீரிலேயே ஊறவிடுவர். விடிந்ததும் நன்றாகக் கழுவித் தோலைப் போக்கி, அம்மியை ஒத்த கல்லில் வைத்து அரைப்பர். சுண்ணாம்பு கிடையாத இடங்களில் விறகுச் சாம்பல் பயன்படும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வரும் இம்முறைக்கு அவர்தம் நகுவாத்தல் மொழியில் வழங்கும் பெயரிலேயே சாம்பல் என்னும் பொருள்படும் சொல் அடங்கியிருக்கின்றது.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் வழக்கமுடைய நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. ஆனால், இதன் பயன் நாம் நினைப்பதிலும் பெரிது. சுண்ணாம்பின் காரம் மணியின் தடித்த மேற்றோலை இளக்கி விடுகின்றது. அரைத்த மா ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதனால் மெல்லிய அடைகளாகத் தட்டிச் சுடுவதற்கு இலகுவாகின்றது. எலும்புக்கு வேண்டிய கல்சியமும் உணவிற் சேருகின்றது. எல்லாவற்றினும் முக்கியமானது இன்னொன்று. சோளத்தில் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உண்டு. எனினும் அது வேறு பொருள்களோடு இறுகப் பிணைந்திருப்பதால் நமது குடலுக்கு எட்டாது. சுண்ணாம்பு நீர் அப்பிணைப்பை அவிழ்த்து, அச்சத்தை உடல் ஏற்கத்தக்க வடிவில் விடுவிக்கின்றது.

இவ்விரசாயனம் அப்பெண்களுக்குத் தெரியாது. ஆயினும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வழக்கம் அவர்களைக் காத்து நின்றது. அதனோடு, சோளக் கொல்லையில் அவரையினத்தையும் பூசணியையும் ஊடுபயிராக வளர்த்து, மூன்றையும் ஒரு வேளையிலே உண்பதும் அவர்கள் வழக்கம். சோளத்தின் புரதத்திலுள்ள குறையை அவரை நிரப்பியது. சோள மாவைக் கரைத்துக் காய்ச்சும் அத்தோலே என்னும் கஞ்சியும், தோல் நீக்கிய சோளத்தை இறைச்சியோடு வேகவைக்கும் பொசோலே என்னும் குழம்பும் இன்றைக்கும் மெக்சிக்கோவில் வழங்குகின்றன. நமது சோளச் சூப்புக்கு இவையே மூத்த உறவினர் என்று சொல்லலாம்.

விதை கடந்தது, பக்குவம் கடக்கவில்லை

1492 ஆம் ஆண்டிலே கொலம்பஸின் கப்பல்கள் கியூபாத் தீவை அடைந்தபோது ஐரோப்பியர் சோளத்தை முதன்முதலாகக் கண்டனர். அதன் பின்னர் விதை வெகு விரைவாகப் பரவியது. ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் விளைந்தது. போர்த்துக்கேயரின் கப்பல்களில் ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் சென்றது. பதினாறாம் நூற்றாண்டுக்குள்ளேயே சீனத்தையும் அடைந்தது. கோதுமையிலும் பன்மடங்கு விளைச்சல் தந்தமையால் ஏழைக் குடியானவர்க்கு அது வரப்பிரசாதமாய் அமைந்தது. இத்தாலியிலே பொலெந்தா என்னும் களியாகவும், உருமேனியாவிலே மமலிகா என்னும் களியாகவும் அது மூன்று வேளையும் ஏழையின் தட்டுக்கு வந்தது.

சுண்ணாம்பு நீரோ கப்பல் ஏறவில்லை. தண்ணீராலும் காற்றாலும் இயங்கும் திரிகைகள் உள்ள நாட்டிலே, மணியை ஊறவைத்துத் தோல் நீக்குவது வீண் வேலையெனத் தோன்றியது போலும்!

1735 ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து அஸ்தூரியாஸ் பிரதேசத்தில் வைத்தியராயிருந்த கஸ்பார் கசால் என்பவர், ஏழை விவசாயிகளிடையே ஒரு விசித்திரமான நோயைக் கண்டார். வெயில் படும் கைகளிலும் கால்களிலும் கழுத்திலும் தோல் சிவந்து, தடித்து, செதிலாக உரிந்தது. நோயாளர் பெரும்பாலும் சோளத்தையே உண்டு வாழ்ந்தனர் என்பதையும், இறைச்சி அவர்கட்குக் கிடைத்தற்கரியதாயிருந்தது என்பதையும் அவர் குறித்து வைத்தார். 1771 இல் மிலான் நகரத்து வைத்தியர் பிரான்செஸ்கோ பிரப்போலி இந்நோய்க்குக் கரடுமுரடான தோல் என்னும் பொருள்பட பெலாக்ரா என்ற பெயரை வழங்கினார். தோலில் தொடங்கி, வயிற்றோட்டமாகி, புத்தி மாறாட்டத்தில் முற்றி, மரணத்தில் முடியும் நோய் அது.

நோயின் காரணத்தைப் பலர் பலவாறு கூறினர். பூஞ்சணம் பிடித்த சோளமே காரணம் என்றார் சிலர்; தொற்றுக் கிருமி என்றார் வேறு சிலர். 1906 ஆம் ஆண்டளவில் இந்நோய் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெருமளவில் தலைகாட்டியது. அங்கே பருத்தித் தோட்டத்துக் கூலிகளும் நெசவாலைத் தொழிலாளரும் சோள மா, கொழுப்பு மிகுந்த உப்பிட்ட பன்றி இறைச்சி, கருப்பஞ் சாற்றுப் பாணி ஆகியவற்றைக் கொண்டே காலந் தள்ளினர். 1906 முதல் 1940 வரையான காலத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் நோய்வாய்ப்பட்டனர் என்றும், ஏறத்தாழ 1 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது.

ஒரு வைத்தியரின் துணிவு

1914 இல் அமெரிக்க அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரச் சேவையினர், வைத்தியர் ஜோசப் கோல்ட்பேர்கரை இந்நோயை ஆராயும்படி அனுப்பினர். மனநோய் வைத்தியசாலைகளையும் அநாதை விடுதிகளையும் சுற்றிப் பார்த்த அவர் கண்ணில் ஓர் உண்மை பட்டது. விடுதியில் உள்ளோரை நோய் பிடித்தது. அவர்களோடு இரவும் பகலும் பழகிய தாதியரையும் ஊழியரையும் பிடிக்கவில்லை. தொற்றுநோயாயின் ஆளைத் தெரிந்து பிடிக்குமா? இரு சாராருக்கும் இருந்த வித்தியாசம் உணவிலேயே இருந்தது.

மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரிலிருந்த அநாதை விடுதிகளிலே குழந்தைகளின் உணவில் பால், முட்டை, இறைச்சி, அவரை ஆகியவற்றைச் சேர்க்கச் செய்தார், நோய் அகன்றது. 1915 இல் அதே மாநிலத்துச் சிறைச்சாலைப் பண்ணையொன்றில், மன்னிப்பு வாக்களிக்கப்பட்டுத் தாமாக முன்வந்த கைதிகளுக்குச் சோளம், அரிசி, கோதுமை மா, பாணி, வற்றாளங்கிழங்கு போன்றவற்றை மாத்திரம் கொடுத்துப் பார்த்தார். இறுதிவரை நின்ற பதினொருவரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறு மாதத்துள் நோய்க்குறி தோன்றியது.

அப்படியிருந்தும் தொற்றுநோயென்றே சாதித்தோர் பலர். அவர்கள் வாயை அடைக்க, 1916 இல் அவர் நோயாளரின் இரத்தத்தைத் தம் உடலிலே ஏற்றிக்கொண்டார். அவருடைய மனைவி மேரியும் அவ்வாறே ஏற்றிக்கொண்டார். எவரையும் நோய் அணுகவில்லை. எனினும் குறைந்துபோன சத்து யாது என்பதை அறியுமுன்னரே, 1929 இல், கோல்ட்பேர்கர் காலமானார். 1937 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக் கொன்றாட் எல்வேஜெம் அச்சத்து நியாசினே எனக் கண்டுபிடித்தார்.

இது முற்றுமுழுதாகப் பழங்கதையாகிவிட்டதென எண்ணுதல் தவறு. 1990 ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் தங்கியிருந்த மொசாம்பிக் அகதிகளுக்குச் சோளத்தோடு பங்கீடு செய்யப்பட்ட நிலக்கடலை தடைப்பட்டபோது, ஏறத்தாழ 18,000 பேரை பெலாக்ரா பீடித்தது. தானியம் கிடைத்தது, அதன் துணை கிடைக்கவில்லை.

பால் ஏன் காத்தது?

மாணவர் ஒருவர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். பாலில் நியாசின் மிகவும் சொற்பமாயிற்றே. அங்ஙனமாயின் அநாதை விடுதிக் குழந்தைகளைப் பால் எவ்வாறு காத்தது? இதற்கு விடை 1945 இல் கிடைத்தது. புரதத்தின் கூறுகளுள் ஒன்றான திரிப்தோபன் என்னும் பொருளிலிருந்து நமது உடலே நியாசினை ஆக்கிக்கொள்கின்றது. ஏறத்தாழ 60 மில்லிகிராம் திரிப்தோபனிலிருந்து 1 மில்லிகிராம் நியாசின் உண்டாகும். சோளத்தின் புரதத்தில் குறைவாயிருப்பது இந்தத் திரிப்தோபனும், லைசின் என்னும் இன்னொரு கூறுமேயாம். பாலின் புரதத்தில் இவ்விரண்டும் நிறைய உண்டு. ஆகவே பாலும் சோளமும் கூடினால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கின்றது.

நமது நாட்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷா என்னும் சத்துமா இதே தத்துவத்திலேயே அமைந்தது. சோளமும் சோயா அவரையும் அதன் அடிப்படை. பால்மாவும் உயிர்ச்சத்துக்களும் அதனோடு கூட்டப்படும்.

இவற்றைப் படித்துவிட்டுச் சோளத்தைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. சோறும் பருப்பும் மீனும் கீரையும் உண்ணும் குடும்பத்தில், இடைக்கிடை உண்ணும் சோளத்தால் யாதொரு தீங்கும் வராது. சோளத்தையன்றி வேறொன்றையும் வாங்க வழியற்றோரையே அந்நோய் பிடித்தது. உண்மையில் அது வறுமையின் நோய்.

சூப் செய்யும் முறை

இனி, சமையலறைக்குச் செல்வோம். ஐந்து பேருக்குப் போதுமான சூப்புக்கு வேண்டியன:

இளம் இனிப்புச் சோளப் பொத்தி 4
பட்டர் 1½ மேசைக்கரண்டி
நடுத்தரமான பம்பாய் வெங்காயம் 1
உள்ளி 2 பல்
செலரித் தண்டு 1
தண்ணீர் 5 கோப்பை
பசுப்பால் 1½ கோப்பை
உப்பு, மிளகுத்தூள் அளவாக

பொத்தியின் மடலையும் பட்டுப் போன்ற நாரையும் நீக்குக. பொத்தியைத் தட்டில் நிமிர்த்திப் பிடித்து, கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக மணிகளைச் சீவி எடுக்கவும். பின்பு கத்தியின் முதுகினால் தண்டைச் சுரண்டினால் பால் போன்ற சாறு வெளிவரும். சூப்பின் தடிப்புக்கு ஆதாரம் இச்சாறே. ஒரு துளியையும் வீணாக்கலாகாது.

மணி நீங்கிய தண்டுகளை எறிந்துவிடாமல், இரண்டாக முறித்துத் தண்ணீரிலிட்டு அரை மணித்தியாலம் சிறு தீயிற் கொதிக்கவிடுக. நீர் நாலு கோப்பையளவாக வற்றியதும் தண்டுகளை அகற்றவும். சோளத்தின் வாசனை முழுவதும் அந்நீரில் இறங்கியிருக்கும்.

வேறொரு பாத்திரத்திற் பட்டரை உருக்கி, பொடியாக வெட்டிய வெங்காயம், உள்ளி, செலரி ஆகியவற்றை இட்டு, சிவக்கவிடாமல் வதக்குக. சிவந்தாற் சூப்பின் இளமஞ்சள் நிறம் கெடும். ஒரு கைப்பிடி மணியைப் புறம்பாக எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சாற்றோடு சேர்த்து மூன்று நிமிடம் கிளறவும். பின்னர் தண்டு அவித்த நீரை ஊற்றி, மூடி, பதினைந்து நிமிடம் வேகவிடுக.

ஆறியபின் மின் அரைப்பானிலோ அம்மியிலோ மசிய அரைத்து, அரிதட்டில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தி வடிக்கவும். தோல் மேலே தங்கிவிடும். கீழே வழுவழுப்பான குழம்பு இறங்கும். அதனை மீண்டும் அடுப்பேற்றி, எடுத்து வைத்த மணிகளையும் இட்டு ஐந்து நிமிடம் காய்ச்சுக. கடைசியாகத் தீயைத் தணித்து, வேறாகச் சூடாக்கி வைத்த பாலை மெல்ல மெல்ல ஊற்றிக் கிளறவும். கொதி வருந் தறுவாயில் இறக்கிவிடுதல் வேண்டும். பால் சேர்ந்தபின் பலமாகக் கொதித்தால் திரைந்துபோகக்கூடும். உப்பையும் மிளகுத்தூளையும் இறக்கியபின்னரே சேர்ப்பது உத்தமம்.

கோதுமை மாவோ சோள மாவோ கரைத்து ஊற்றவேண்டிய தேவையே இல்லை. மணியிலுள்ள மாப்பொருளே வெந்து சூப்பைத் தடிப்பாக்கும்.

இல்லத்தரசிகளுக்குச் சில குறிப்புகள்

பொத்தி பறித்த அன்றே சமைப்பது மிக நன்று. சாதாரண இனிப்புச் சோளத்தில், பறித்த கணத்திலிருந்தே சீனி மாப்பொருளாக மாறத் தொடங்கும். நமது நாட்டு வெப்பத்தில் ஒரு நாளிலேயே இனிப்பின் ஏறத்தாழப் பாதி போய்விடும். 1950களில் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட மிகை இனிப்பு இனங்கள் இம்மாற்றத்தைப் பெரிதும் தாமதிக்கச் செய்கின்றன. எவ்வினமாயினும் மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பால் கசிந்தால் ஏற்ற பருவம். நீர் கசிந்தால் பிஞ்சு. ஒன்றுங் கசியாவிடின் முற்றல். சேனையில் விளையும் சாதாரணச் சோளமும் பால் பருவத்திற் பறித்தால் இச்சூப்புக்கு உதவும். இனிப்புச் சற்றுக் குறையுமேயன்றி வேறு குறையில்லை.

பசுப்பால் கிடையாதோர் ஆறு மேசைக்கரண்டி பால்மாவை ஒன்றரைக் கோப்பை இளஞ்சூட்டு நீரிற் கரைத்துச் சேர்க்கலாம். சிலர் தேங்காயின் முதற்பாலை விரும்புவர். சுவையில் அது குறைந்ததன்று. ஆனால் பசுப்பாலின் புரதம் அதில் இல்லை. எனவே முதற்பால் சேர்ப்போர், இரண்டு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பைச் சோளத்தோடு வேகவிட்டு அரைத்தால் அக்குறை பெருமளவு நீங்கும்.

கொழும்பிலுள்ள சீன உணவுச்சாலைகளில் இச்சூப்பிலே கோழி இறைச்சியைச் சிறு துண்டுகளாக இட்டு, அடித்த முட்டையை நூல் போல ஊற்றுவர். முட்டையும் பாலைப் போலவே சோளத்தின் குறையை நிரப்பும். நோயிலிருந்து தேறுவோருக்கும் பல்லில்லாத முதியோருக்கும் முழு மணிகளை இடாமல், முற்றாக அரைத்து வடித்துக் கொடுப்பது நலம்.

மெக்சிக்கோவின் தாய்மார் இரசாயன சாஸ்திரம் கற்றவரல்லர். எனினும் சாஸ்திரிகள் இருநூறு ஆண்டுகள் தேடியலைந்த மருந்து அவர்தம் அடுப்பங்கரையிலே ஒரு பானைச் சுண்ணாம்பு நீராக இருந்தது. நம் வீடுகளிலும் பாட்டிமார் இதனோடு இதைச் சேர் என்று சொல்லிவைத்த பக்குவங்கள் பல உண்டு. காரணம் விளங்கவில்லையென்று அவற்றைக் கைவிடுமுன், காரணத்தைத் தேடி அறிதல் நம் மாணவருக்கு ஏற்ற பணியாகும். தைமாதத்துப் பொத்தி சந்தைக்கு வரும்போது நான்கு பொத்தி வாங்குங்கள். கூடவே ஒரு போத்தல் பாலும் வாங்க மறவாதீர்கள்.